ஏத்துக்கூலி

— பன்னெண்டாயிரமுங்களா? ஏனுங்க தம்பி, அது பாட்டுக்குங்களா, இல்ல பாடினவரையே கூட்டியாந்து என்ற கடை வாசல்ல நிறுத்தறதுக்குங்களா?

— வருசத்துக்குத்தான் யக்கா பன்னெண்டாயிரம். மாசத்துக்குன்னு பாத்தா ஆயிரம். எங்க மியூசிக் கம்பெனிப் பாட்டு அத்தனையும் நீங்க பென்டிரைவ்ல ஏத்தி விக்கலாம். லைசென்ஸைச் செவுத்துல மாட்டிட்டிய, ஒரு பய வந்து ஏன்னு கேக்க மாட்டான். பாத்துக்கிடுங்க.

— இப்பவும் ஒருத்தரும் ஏன்னு கேக்கறதில்லீங்களே. நீங்க ஒருத்தர்தான் வந்து கேக்கறீங்க.

— அதான் யக்கா என் வேலை. கேக்கது.

— நல்ல வேலைங்க. உக்காருங்க, நின்னுட்டே எத்தனை நேரம் கேப்பீங்க. அந்த ஸ்டூல் ஆடும், செவுத்தோரமாப் போட்டுக்கங்க. பேச்சு நம்மூருப் பேச்சா இல்லீங்களே?

— சங்கரன்கோவில் பக்கம். சண்முகவேல்னு கார்டுல போட்டிருக்குல்லா. பாக்கலியா?

— பாத்தனுங்க. கார்டு நல்லா வழுவழுன்னு இருக்குது. நானும் 'குல்சார் மொபைல்ஸ்'னு கார்டு அடிச்சு வெச்சேன். வர்றவங்க அதுல பல்லுக் குத்திட்டுப் போறாங்க. அதைய விடுங்க. திருப்பூருக்கு வந்து எத்தனை நாளாச்சுங்க?

— எட்டு மாசம்.

— எத்தனை கடைல கையெழுத்துப் போட்டாங்க?

— ஒரு கடையும் போடல.

— ஒண்ணு கூடவா?

— நாப்பத்தாறு கடை ஏறி எறங்கியாச்சு. எல்லாரும் நல்லாத்தான் பேசுதாவ. மோரு குடுக்காவ. சொந்தக்காரப் பய மாதிரி விசாரிக்காவ. பாரத்தை எடுத்து நீட்டுனா மட்டும் காது கேக்காமப் போயிருது. இன்னைக்கு மாசக் கடைசி யக்கா. நாலு மணிக்கு மெட்ராஸ்லேந்து மேடம் போன் பண்ணுவாவ. 'ஒரு கையெழுத்தாவது உண்டா சண்முகவேல்'னு கேப்பாவ. இல்லன்னு சொன்னேம்னா, நாளைக்குக் காலையில வண்டிச் சாவியக் குடுத்துட்டு ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

— அல்லாவே. அப்ப இந்தக் கடைதான் கடைசிக் கடைங்களா?

— நாப்பத்தேழு.

— மணி ஒண்ணேகால்தானுங்க ஆகுது. நெறைய நேரம் கெடக்குது. பேசலாம், சாவகாசமாப் பேசலாம். உங்களை நான் எந்திரிக்கவே விடமாட்டேன்.

— இப்படி ஒரு வார்த்தை இந்த ஊருல யாரும் சொன்னதில்ல யக்கா.

— அது கெடக்குது. அந்த பனியன் எங்க வாங்கினீங்க?

— இதா? காதர்பேட்டையில. நூத்தியிருவது. ஏன்?

— நெஞ்சுல ஆந்தை இருக்குதுல்லங்க, ஒரிஜினல் கம்பெனிக்காரன் ஆந்தைக்குக் கண்ணு ரெண்டும் தொறந்திருக்கும். உங்க ஆந்தை ஒரு கண்ணை மூடிட்டிருக்குது.

— யக்கா, இது வேற, அது வேற.

— வேறதானுங்க. பனியனைப் போட்டா வேர்வை உறிஞ்சும். பாட்டு உறிஞ்சாது. எங்கூட்டுக்காரரு இருவது வருசமா லேபிள் அடிக்கறாரு, அந்த ஆந்தைக்குக் கண்ணு மூடினது யாருன்னு கேட்டா அவருக்குத் தெரிஞ்சிருக்கும். சரி சரி, மூஞ்சியச் சுளிக்காதீங்க. நீங்க உங்க விலையச் சொல்லுங்க.

— பாயம்மா! காலைல பென்டிரைவும் அம்பது ரூவாயும் குடுத்துட்டுப் போனனே, ஆச்சுங்களா? ரெண்டு மணிக்குப் பெல் அடிச்சிருவான்.

— வாங்க பொன்னாத்தாக்கா. பாதி ஏறியிருக்குது, பழைய கம்ப்யூட்டருங்க, மெதுவாத்தான் போகும். சித்த இருங்க. தம்பி, இவங்க அடுத்த வீதி பனியன் கம்பெனில செக்கிங்ல இருக்கறாங்க. ரெண்டு லைன், நாப்பது டைலரு. அத்தனை பேருக்கும் ஒரே ஸ்பீக்கர் பொட்டி. அதுல பாட்டுப் போடறது இவங்கதான்.

— இந்தத் தம்பி யாருங்க? ஒறம்பரைங்களா, சொந்தமுங்களா?

— இல்லீங்க. மியூசிக் கம்பெனில இருந்து வந்திருக்கறாரு. நாம கேக்கற பாட்டெல்லாம் இவருதாமா.

— இவரு பாடினதா? தொண்டையப் பாத்தா தெரியலியே கண்ணு.

— பாடலம்மா. பாட்டோட உரிமை எங்க கம்பெனிக்கு. நீங்க இப்படிச் சும்மா ஏத்திக் கேட்டா அது திருட்டு. எங்ககிட்டக் காசு குடுத்து வாங்குனா நேர்மை.

— நேர்மை ஒண்ணு என்ன விலை?

— ஒரு பாட்டு மூணு ரூவா.

— அறநூறு பாட்டு ஏத்தறோமே சாமி. ஆயிரத்தி எண்ணூறா? என்ற வாரச் சம்பளத்தையே வழிச்சுக் குடுக்கோணும். அதுக்கு நானே பாடிக்கலாம்.

— அப்ப போன்ல எங்க ஆப்பு போட்டுக்கிடுங்க. மாசம் தொண்ணூத்தொம்பது ரூவாதான். லட்சக்கணக்குல பாட்டு.

— லைன்ல போனை வெளிய எடுத்தா சூப்பர்வைசரு புடுங்கி டிராயர்ல போட்டுப் பூட்டிருவான். சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் குடுப்பான். உன்ற ஆப்பு டிராயருக்குள்ள கெடந்து பாடும். எங்களுக்கு வெக்கறதுக்கு அவனே ஆப்பு வெச்சிருக்கறான், நீ வேற எதுக்குக் கண்ணு?

— இருங்கக்கா, பாவம், அவரு பேசட்டும். மூணு ரூவாய்க்குக் கீழ எறங்குவாருங்க.

— எறங்குதேன். இருநூறு பாட்டு சேத்து ஒரு பேக்கு. நூத்தம்பது ரூவா. பாட்டு ஒண்ணு முக்கா ரூவா. சரியா?

— இருநூறுல எத்தனை நல்ல பாட்டு?

— எல்லாம் நல்ல பாட்டுத்தான்.

— கண்ணு, நான் பதினாலு வருசமா செக்கிங்ல நிக்கறேன். எங்கிட்ட அதைச் சொல்லாத. மூட்டைல மேல நாலு நல்ல பீசை வெச்சுட்டு, கீழ பூராவும் கிழிசலை அமுக்கி லாட்டுன்னு தள்ளிவிடறதை நெம்பப் பாத்துட்டேன். இருநூறுல எத்தனை?

— ஒரு... இருவது. இருவத்தஞ்சு வச்சுக்கிடுங்க.

— மிச்சம்?

— மிச்சம் ஓடாத பாட்டு.

— அதுக்கும் அதே விலையா?

— பாட்டுன்னா பாட்டுத்தானம்மா. ஒரே விலைதான்.

— டேமேஜ் பீசுக்குப் போடற செகண்ட்ஸ் ரேட்டு இல்லியா?

— பாட்டுல ஏதும்மா செகண்ட்ஸ்!

— ஏன் இல்ல? ஒரு பாட்டை எடுத்தீன்னா, மொதல்ல அந்தப் புள்ள நல்லாத்தான் பாடுது. நடுவால ஒருத்தன் எங்கிருந்தோ வந்து இங்கிலீசுல மூச்சு விடாமத் திட்டறான். அப்பறம் மறுக்கா அந்தப் புள்ள பாடுது. நடுவுல இருக்கறது டேமேஜுதான? நானா இருந்தா அந்த எடத்துல அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ரிஜெக்ட்ல போட்டிருப்பேன். அது அப்பறம் கிலோ நூறு ரூவாய்க்குத்தான் போகும்.

— பாட்டைக் கிலோவுல விக்க முடியுமாம்மா?

— நீ கிழிசலுக்கு நல்ல பீசு விலை சொல்றப்ப, நான் கிலோவுல கேக்கக் கூடாதா? ஓடாததை என்னதான் பண்ணுவீங்க?

— அப்படியே கெடக்கும்.

— விலை கொறைக்க மாட்டீங்க.

— கொறைக்க மாட்டோம்.

— சும்மாவும் குடுக்க மாட்டீங்க.

— மாட்டோம்.

— என்னக்கா, தம்பியவே வெறிச்சுப் பாக்கறீங்க?

— இல்லீங்க பாயம்மா. இவங்க மொதலாளி பனியன் தொழிலுக்கு வராம இருக்கறது அவரு பொண்டாட்டி செஞ்ச புண்ணியம். வந்திருந்தா மூணே மாசத்துல ஊட்டை வித்திருப்பாரு.

— சிரிக்காதிய யக்கா. இந்தா பாருங்க, நான் மரியாதையாச் சொல்லுதேன். எங்க ஆளுவ நெனச்சா போலீசோட வந்து இந்தக் கம்ப்யூட்டரையே தூக்கிட்டுப் போயிருவாவ. அப்படி ஆகக் கூடாதுன்னுதான் நான் இவ்வளவு நேரம் பேசிட்டிருக்கேன்.

— தூக்கறதுன்னா ரெண்டு ஆளாச் சொல்லுங்க தம்பி. பழைய மாடல், கனமுங்க. போன தடவை அதைய நகத்தி வெச்சுட்டு எங்கூட்டுக்காரரு ஒரு வாரம் குனியல.

— நான் என்ன சொல்லுதேன், நீங்க என்ன சொல்லுதிய!

— கோவிச்சுக்காதீங்க. நீங்க என்னைப் பாட்டு விக்கறவன்னு நெனச்சுட்டுப் பேசறீங்க. நான் ஒரு பாட்டு கூட வித்ததில்லீங்க.

— பின்ன பொன்னாத்தா அம்மாகிட்ட அம்பது ரூவா வாங்குதியள, அது என்ன?

— ஏத்துக்கூலி. இந்த ஊருல எட்டு மாசம் இருக்கறீங்க, ஜாப் ஒர்க்குன்னா தெரியாதுங்களா? சாயப்பட்டறைக்காரரு துணி விக்கறாருங்களா? பார்ட்டி துணி கொண்டாந்து போடறாரு, இவரு சாயத்தை ஏத்திக் குடுக்கறாரு, கிலோவுக்கு இத்தனைன்னு கூலி வாங்கிக்கறாரு. துணி அவரோடதில்ல. அதே மாதிரிதானுங்க. பென்டிரைவ் அக்காவோடது. நான் ஏத்திக் குடுக்கறேன்.

— துணிக்குச் சொந்தக்காரன் பார்ட்டி. பாட்டுக்குச் சொந்தக்காரன் யாரு? நாங்க!

— அப்பச் சரி. அப்ப நீங்கதான் பார்ட்டி.

— ஆமா.

— கூலி பார்ட்டிதானுங்க குடுக்கோணும். உங்க பாட்டை மூணு வருசமா இந்த வீதில இருக்கற கம்பெனிக்கெல்லாம் ஏத்தி விட்டிருக்கறேன். நாலாயிரம் பேரு காதுல போட்டிருக்கறேன். ஒரு டீ வாங்கிக் குடுத்தீங்களா?

— யக்கா! இது என்ன நியாயம்?

— ஜாப் ஒர்க்கு நியாயமுங்க. அதுவும் நான் அப்படியே கொட்டிக் குடுக்கறதில்ல. அக்கா, நீங்களே சொல்லுங்க, நான் எப்படி ஏத்தறேன்னு.

— அதைச் சொல்லோணும் கண்ணு. காலைல எட்டரைக்கு மொதல்ல முருகன், அப்பறம் மாரியம்மா, அப்பறம் ஏசு, அப்பறம் நாகூரு. ஒருத்தருக்கும் மனசு கோணாது. பத்து மணிக்கு மேல டைலருங்களுக்கு வேகமான பாட்டு. சோத்துக்குப் பொறகு கண்ணு சொக்கும் பாரு, அப்ப ஊரே அதிர்றாப்புல ஒரு பத்துப் பாட்டு. மூணு மணிக்கு வடக்கத்திப் பசங்களுக்கு அரைமணி நேரம் ஒடியாப் பாட்டு. உன்ற கம்பெனில ஒடியாப் பாட்டு இருக்குதா?

— எங்க லிஸ்ட்ல ஒடியா கெடையாது.

— அந்தப் பசங்க பதினொரு பேரு இருக்கறாங்க. அதைப் போடலீன்னா மிஷினை நிறுத்திட்டு அண்ணாந்து ஃபேனைப் பாத்துட்டு உக்காந்துக்குவாங்க. அப்பறம் நாலு மணிக்கு மேல சோகப் பாட்டு.

— சாயந்திரத்துல சோகம் எதுக்கும்மா?

— அது சூப்பர்வைசரு கேட்டு வாங்கறது. சோகப் பாட்டுப் போட்டா எல்லாத்துக்கும் அவங்கவங்க கதை ஞாபகம் வந்திருமாம். ஒருத்தரும் ஒருத்தரோட பேச மாட்டாங்களாம். பேசலீன்னா பீஸு நெறைய உழுகுமாம். பாட்டுல லாபம் எடுக்கத் தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான். அப்பறம் அஞ்சு மணிக்கு என்ற பாட்டு. ரெண்டு நிமிசம்.

— அது என்ன பாட்டு? பேரைச் சொல்லுங்க, எங்க கம்பெனிதான்னு பாக்கேன்.

— பேரில்ல. ஒண்ணும் பாடாது.

— ஒண்ணும் பாடாதுன்னா?

— சும்மா இருக்கும் கண்ணு. எட்டு மணி நேரம் மிஷினு ஒருபக்கம், பாட்டு ஒருபக்கம். பாட்டை நிறுத்துன்னா நாப்பது பேரும் சண்டைக்கு வருவாங்க. அதுக்குத்தான் பாயம்மாகிட்ட, சத்தமே இல்லாத பாட்டு ஒண்ணு ரெண்டு நிமிசத்துக்கு நடுவால ஏத்திக் குடுங்கன்னு கேட்டு வாங்கினேன். எல்லாரும் அடுத்த பாட்டு வருதுன்னு நெனச்சுட்டுக் காத்துட்டிருப்பாங்க. எனக்கு அந்த ரெண்டு நிமிசம் போதும். ஏனுங் கண்ணு, அதுக்கும் மூணு ரூவாயா? அது யாரு கம்பெனிப் பாட்டு?

— அதுக்கு ஒண்ணும் வேண்டாம்மா.

— அக்கா, பாத்தீங்களா, ஒரு பாட்டைச் சும்மா குடுத்துட்டாரு. மனசு எளகிருச்சு. தம்பி, இப்ப விலையச் சொல்லுங்க.

— ஆறாயிரம்.

— ம்.

— மூவாயிரம். மேடம் எனக்குக் குடுத்த கடைசி வெல அதுதான் யக்கா. சத்தியமா. அதுக்குக் கீழ ஒரு ரூவா கொறைக்க எனக்கு அதிகாரம் கெடையாது.

— அதிகாரம் இல்லாதவரை அனுப்பி வெலை பேசச் சொல்றாங்க. அதிகாரம் இருக்கறவங்க மெட்ராஸ்ல உக்காந்துட்டுக் கணக்குப் போடறாங்க. அவங்க ஒரு நாளாச்சும் இந்த ஸ்டூல்ல உக்காந்திருக்கறாங்களா தம்பி?

— அவ்வோ திருப்பூருக்கே வந்ததில்ல. போன தடவை போன்ல, 'டார்கெட் கஸ்டமர் யாரு சண்முகவேல்'னு கேட்டாவ. டைலர்னு சொன்னேன். 'ஓ, ஃபேஷன் டிசைனர்ஸா'ன்னாவ.

— நீயி என்ன சொன்ன கண்ணு?

— ஆமான்னுட்டேன். அதுக்கு மேல விளக்க எனக்குத் தெம்பில்ல. ஆனா ஒண்ணு எழுதிப் போட்டேம்மா. மூணு மாசத்துக்கு முந்தி. ராத்திரி பகலா யோசிச்சு, நாலு பக்கத்துக்கு.

— என்னன்னுங்க?

— பாட்டுக்கு வெல வைக்காதியன்னு எழுதுனேன் யக்கா. திருட்டுப் பாட்டு சும்மா கெடைக்கு. சும்மா கெடைக்கத வெலையில ஜெயிக்க முடியாது. ஆனா அதுல தொந்தரவு இருக்கு, பயம் இருக்கு, பாதி ஃபைலு பாடாது. அதனால கடைக்கு மாசம் ஒரு சின்னத் தொகை வையுங்க. டீச்செலவு மாதிரி, குடுக்கவனுக்குக் குடுத்ததே தெரியாம இருக்கணும். அதுக்குப் பதிலா நாமளே வந்து புதுப் பாட்டை ஏத்திக் குடுப்போம். அவனுக்கு அலைச்சல் மிச்சம்னா நம்மகிட்டயே வாங்கிருவான். இதான் எழுதுனேன்.

— நல்லாத்தானுங்க எழுதியிருக்கறீங்க. என்ன சொன்னாங்க?

— மீட்டிங்ல படிச்சுக் காட்டிச் சிரிச்சாவளாம். அவ்வளவு மலிவா வித்தா பாட்டுக்கு மரியாதை போயிருமாம்.

— இப்ப அந்த மரியாதை எங்க இருக்குதுங்க?

— இந்தப் பைக்குள்ள இருக்கு. அம்பது பாரம். ஒண்ணுலயும் கையெழுத்து இல்ல.

— சிரிப்பு வரல பாயம்மா. ஏங் கண்ணு, கண்ணாலம் ஆச்சா?

— ஆச்சும்மா. போன மாசந்தான் அவளை இங்க கூட்டியாந்தேன். அனுப்பர்பாளையத்துல ஒரு ரூம். 'மியூசிக் கம்பெனி ஆபீசரு'ன்னு சொல்லித்தான் எனக்குப் பொண்ணு குடுத்தாவ. 'என் மவ பனியன் கம்பெனிக்குப் போகக் கூடாது'ன்னு மாமனாரு கண்டிசன். அனுப்ப மாட்டேன்னு சொல்லித்தான் கூட்டியாந்தேன்.

— அதுல என்ன இருக்குது? அனுப்பி விடு. எங்க செக்கிங்ல ரெண்டு ஆளு கொறையுது. நிக்கறதுக்குக் காலு இருந்தாப் போதும்.

— வேண்டாம்மா. அவகிட்ட நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு... யக்கா, இந்தா, கடைசியாச் சொல்லுதேன். நீங்க ஆயிரம் குடுங்க. மிச்சம் ரெண்டாயிரம் நான் என் கையிலேந்து கட்டிக்கிடுதேன். எனக்கு ஒரு கையெழுத்து வேணும். ஒண்ணே ஒண்ணு. நாலு மணிக்கு 'உண்டு மேடம்'னு ஒரு தடவை சொல்லிட்டேம்னா அடுத்த மாசம் வரைக்கும் மூச்சு விட்டுக்கிடுவேன்.

— உங்க கையிலிருந்தா?

— ஆமா.

— அல்லாவே. பன்னெண்டாயிரத்துல ஆரம்பிச்ச மனுசன் கைக்காசு போட்டு விக்கறாரு. அந்த பாரத்தைக் குடுங்க பாக்கலாம்.

— போடுதியளா யக்கா? இந்தா. இந்த இடத்துல. பேனா இந்தா இருக்கு.

— இருங்க, இருங்க. வெளிச்சத்துல புடிச்சுப் பாக்கறேன். ஏனுங்க தம்பி, சீலு மங்கலா இருக்குதுங்களே.

— ஆபீஸ் பிரிண்டர்ல மை கம்மி யக்கா. அவ்வோ அனுப்புனதே அப்படித்தான்.

— காயிதமும் லேசா இருக்குது. மினுக்கற ஹோலோகிராம் ஸ்டிக்கரைக் காணோம்.

— எங்க கம்பெனி லைசென்ஸ்ல ஹோலோகிராமே கெடையாது.

— இருக்குதுங்களே.

— இல்ல யக்கா. நான் அங்கதான வேலை பாக்கேன்.

— இதா, இதைப் பாருங்க. யாருக்கும் காட்டக் கூடாதுன்னாங்க. நீங்க கைக்காசைப் போடறேன்னதுக்கு அப்பறம் காட்டாம இருக்க மனசு கேக்கல.

— இது... எங்க கம்பெனி பேருல்லா போட்டிருக்கு. லைசென்ஸ் நம்பர், கடைப்பேரு, ஒங்க போட்டோ... கெட்டி அட்டை. யக்கா, இது எப்ப வந்துது?

— வருசம் ஒண்ணாச்சுங்க. உங்க கம்பெனி ஆளு லிங்கசாமின்னு ஒருத்தரு குடுத்தாரு. மாசம் அம்பது ரூவா. அவரே வந்து வாங்கிட்டு, புதுப் பாட்டெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுத்துட்டுப் போயிருவாரு. அந்த ஒடியாப் பாட்டும் அவரு கொண்டாந்ததுதான்.

— எங்க கம்பெனில லிங்கசாமின்னு யாரும் கெடையாது! திருப்பூருக்கு ஆளு நான் ஒருத்தன்தான்!

— அவரும் போன மாசம் வந்தப்ப இதையேதானுங்க சொன்னாரு. 'திருப்பூருக்கு நான் ஒருத்தன்தான். என்ற பேரைக் கெடுக்க டூப்ளிகேட் ஆளு ஒருத்தன் சுத்திட்டிருக்கறான். மங்கலான சீலோட வருவான், பன்னெண்டாயிரத்துல ஆரம்பிப்பான். அவங்கிட்ட லைசென்ஸை மட்டும் காட்டிராதீங்க, பாத்துக் காப்பியடிச்சுக்குவான்'னு.

— மத்த கடைக்காரவ?

— எல்லாரும் அவருகிட்டத்தானுங்க. அவிநாசி வரைக்கும் எண்பது கடை இருக்கும்னு சொன்னாரு.

— எண்பது கடை. மாசாமாசம் குடுக்காவளா? ஒருத்தரும் நிறுத்தலியா?

— அம்பது ரூவாய்க்கு யாருங்க நிறுத்துவாங்க? டீச்செலவு.

— பாயம்மா, பையனுக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க. மூஞ்சி வெளுத்துப்போச்சு. ஏங் கண்ணு, நீயி நெசமாலுமே டூப்ளிகேட்டா?

— எனக்கே தெரியலம்மா.

— தம்பி, நான் ஒண்ணு சொல்றேன், தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க வந்து பாரத்தை எடுத்ததுமே நான் லிங்கசாமிக்கு மெசேஜ் போட்டுட்டனுங்க. 'விடாதீங்க, பேசிப் பேசி உக்கார வையுங்க, அரைமணி நேரத்துல ஆளோட வர்றேன்'னாரு. உங்க கதையெல்லாம் கேட்டதுக்கப்பறம் எனக்கு மனசு ஒருமாதிரி இருக்குது. ஒரிஜினலோ டூப்ளிகேட்டோ, பொண்டாட்டியக் கூட்டியாந்து வெச்சிருக்கறீங்க. பின்னால சந்து இருக்குது. அப்படியே போனா மெயின் ரோட்டுல ஏறிக்கலாம்.

— போ கண்ணு. நான் வாசல்ல நின்னு பாத்துக்கறேன். சீக்கிரம் போ.

— இன்னும் உக்காந்திருக்கறீங்களே தம்பி. அந்தா, வண்டி நிக்கற சத்தம் கேக்குது. அவருதான்.

— வரட்டும் யக்கா. அவருக்கு ஆளு வேணுமான்னு கேக்கணும்.